கற்பிக்க ஓர் அனுமதி, பணிபுரிய ஓர் அனுமதி: தொலைநிலைக் கல்வியின் வரலாறு தரும் பாடம்



சென்ற ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன்னர், மஃரிப் தொழுகைக்குப் பின் எங்கள் மத்ரஸாவிற்கு ஒரு பெரியவர் வந்தார். அவருடைய மகள் சிறு வயதில் எங்கள் மக்தபில் குர்ஆன் ஓதியவர். திருமணத்திற்குப் பின் கணவருடன் அமெரிக்காவில் வசித்து வருகிறார். பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டே வீட்டிலிருந்து பயிலலாம் என்று எண்ணி, வேறொரு மாநிலத்திலுள்ள பல்கலைக்கழகத்தில் இணையவழி ஆசிரியப் பயிற்சிப் படிப்பில் சேர்ந்தார். படிப்பின் இடையே கணவருக்குப் பணி மாற்றம் நேர்ந்தது. குடும்பம் மற்றொரு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தது. இரவு கண்விழித்துப் படித்துப் பட்டமும் பெற்றுவிட்டார். ஆனால், பள்ளியில் கற்பிக்க உரிமம் கேட்டு விண்ணப்பித்தபோது, "தாங்கள் பயின்ற படிப்பு எம் மாநிலத்தின் விதிகளை நிறைவு செய்யவில்லை. மேலும் சில பாடங்களும், மேற்பார்வையுடன் கூடிய பள்ளிப் பயிற்சியும் தேவை" என்று பதில் வந்தது.

"ஹஜ்ரத், அரசு அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் என்றுதானே சேர்த்தோம்? அது பொய்யா?" என்று அந்தத் தந்தை கேட்டார்.

அது பொய்யன்று. ஆயினும் அது முழு உண்மையும் அன்று. 'அங்கீகாரம்' என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடுவது உண்மையில் வெவ்வேறு அனுமதிகளின் தொகுப்பு. கற்பிப்பதற்கு நிறுவனம் பெறும் அனுமதி வேறு. பணிபுரிவதற்கு மனிதர் பெறும் அனுமதி வேறு. அவை எவ்வாறு தோன்றின, ஏன் பிரிந்து நிற்கின்றன என்பதை வரலாற்றிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் அறிந்த வேறுபாடு

தொலைவிலிருந்து கற்றல் என்பது இணையத்தோடு பிறந்ததன்று. நம்முடைய முஹத்திஸ்கள் ஹதீஸைப் பெறும் வழிகளை எட்டாக வகுத்தனர். ஆசிரியரின் வாயிலிருந்து நேரில் செவியுறுதல், ஆசிரியர் முன்னிலையில் மாணவர் வாசித்துக் காட்டுதல், இஜாஸா எனும் அனுமதி, நூலைக் கையளித்தல் என்று தொடரும் அவ்வரிசையில் 'முகாதபா' என்பது ஐந்தாவது. அதாவது, ஆசிரியர் தொலைவிலுள்ள மாணவருக்குக் கடிதத்தில் எழுதி அனுப்புதல். டமாஸ்கஸின் அஷ்ரஃபிய்யா தாருல் ஹதீஸில் ஆசிரியராக இருந்து ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் அவர்கள், ஹதீஸ் கலை பற்றிய தம் நூலில் இவ்வழிகளை விரிவாக ஆராய்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. கடிதத்தின் வழியே கற்றது செல்லாது என்று அவ்வறிஞர்கள் ஒதுக்கிவிடவில்லை. எழுத்து அந்த ஆசிரியருடையதுதானா என்று மாணவர் அறிந்திருக்க வேண்டும் என்றார்கள். மேலும், அப்படிப் பெற்ற ஹதீஸை அறிவிக்கும்போது, நேரில் கேட்டவர் போலச் சொல்லாமல், 'அவர் எனக்கு எழுதினார்' என்று பெற்ற வழியைத் தெளிவாகச் சொல்வதே தகும் என்றார்கள். எந்த வழியில் கற்றோம் என்பதை மறைக்காத நேர்மையே தொலைவழிக் கல்விக்கு அவர்கள் இட்ட அடித்தளம்.

பணி உரிமத்திற்கும் நம் வரலாற்றில் புகழ்பெற்ற முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) பக்தாதில் மருத்துவர் ஒருவரின் தவறால் நோயாளி ஒருவர் உயிரிழந்தார். செய்தி கலீஃபா அல்முக்ததிருக்கு எட்டியது. தலைமை மருத்துவரான ஸினான் இப்னு ஸாபித் தேர்வு செய்து எழுத்து மூலம் அனுமதி அளித்தவர்களைத் தவிர வேறெவரும் மருத்துவம் பார்க்கக் கூடாது என்று கலீஃபா ஆணையிட்டார். புகழ்பெற்ற மருத்துவர்களும் அரசுப் பணியில் இருந்தவர்களும் நீங்கலாக, பக்தாதில் மட்டும் 860க்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தனர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் எதற்குத் தகுதியோ அதற்கு மட்டுமே அனுமதி அளிக்கப்பட்டது. யாரிடம் கற்றார் என்பதோடு கேள்வி முடிந்துவிடவில்லை. மக்களின் உயிரை அவர் கையில் ஒப்படைக்கலாமா என்பது தனிக் கேள்வியாகவே நின்றது.

இந்த இரு கேள்விகளையும் நவீன காலத்தில் மிக நீண்ட சட்டப் போராட்டமாக நடத்திய நாடு அமெரிக்கா. அந்தத் தந்தையின் கேள்விக்கு விடையும் அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் அனுமதி யார் கையில்?

அமெரிக்க அரசியலமைப்பில் கல்வி என்ற சொல்லே இடம்பெறவில்லை. 1791இல் நடைமுறைக்கு வந்த பத்தாவது திருத்தம், கூட்டாட்சி அரசுக்கு வழங்கப்படாத அதிகாரங்களை மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவையாக ஆக்கியது. ஆகவே ஒரு கல்லூரி பட்டம் வழங்கலாமா என்பதையும், ஒருவர் மருத்துவராகவோ ஆசிரியராகவோ வழக்கறிஞராகவோ பணிபுரியலாமா என்பதையும் மாநிலங்களே முடிவு செய்துவந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எவர் வேண்டுமானாலும் மருத்துவக் கல்லூரி தொடங்கிப் பட்டம் வழங்கும் நிலை பல இடங்களில் இருந்தது. மேற்கு வர்ஜீனியா மாநிலம் 1882இல் ஒரு சட்டம் இயற்றியது. மாநிலச் சுகாதார வாரியம் மதிக்கத்தக்கது என்று ஏற்கும் கல்லூரியில் பட்டம் பெற்றிருக்க வேண்டும், அல்லது அம்மாநிலத்தில் பத்தாண்டுகள் மருத்துவம் பார்த்திருக்க வேண்டும், அல்லது வாரியத்தின் தேர்வில் தேற வேண்டும் என்பது அச்சட்டம். 1876 முதல் மருத்துவம் பார்த்துவந்த ஃபிராங்க் டென்ட் என்பவரிடம் சின்சினாட்டி நகரக் கல்லூரி ஒன்றின் பட்டம் இருந்தது. வாரியம் அக்கல்லூரியை ஏற்கவில்லை. அவர் தொடர்ந்து மருத்துவம் பார்த்தார், தண்டிக்கப்பட்டார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1889இல் நீதிமன்றம் மாநிலத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. மக்களின் நலன் கருதித் தொழில்களுக்குத் தகுதி வகுக்கும் அதிகாரம் மாநிலத்திற்கு உண்டு என்பது அன்று உறுதியாயிற்று. ஒரு மாநிலத்தில் பெற்ற பட்டம் மற்றொரு மாநிலத்தில் உரிமம் ஆகிவிடாது என்பதற்கு அவ்வழக்கு இன்றுவரை சான்றாக நிற்கிறது.

1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்ற கல்வியாளர், அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளைப் பார்வையிட்டு அறிக்கை வெளியிட்டார். ஆய்வுக்கூடமும் நோயாளிகளும் இல்லாமல் பட்டம் வழங்கிய கல்லூரிகளை அது வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டுகளில் பல கல்லூரிகள் மூடப்பட்டன. தரம் உயர்ந்தது. ஆனால் கறுப்பின மாணவர்களுக்கென இருந்த 7 மருத்துவக் கல்லூரிகளில் 5 மறைந்துபோயின என்பதையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும். கட்டுப்பாடு மக்களைக் காக்கும். எளியோரின் வாசலை அடைக்கவும் செய்யும். இவ்விரண்டுமே இவ்வரலாறு முழுதும் உடன் வருகின்றன.

அஞ்சலில் வந்த கல்வி

இதே காலத்தில் கல்வி அஞ்சல் பையில் ஏறிப் பயணம் செய்யத் தொடங்கியது. 1873இல் பாஸ்டன் நகரில் அன்னா எலியட் டிக்னர் என்ற பெண்மணி, வீட்டிலிருந்தபடியே பெண்கள் பயில ஒரு சங்கம் தொடங்கினார். கல்லூரி வாசலை மிதிக்க வாய்ப்பில்லாத பெண்களுக்குக் கடிதமும் நூலும் அனுப்பிக் கற்பித்தார். 1892இல் திறக்கப்பட்ட சிகாகோ பல்கலைக்கழகத்தில் அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் அஞ்சல்வழிக் கல்வியையும் ஓர் அங்கமாக்கினார்.

பென்சில்வேனியாவின் ஸ்கிராண்டன் நகரில் நடந்தது இன்னும் சுவையானது. நிலக்கரிச் சுரங்க விபத்துகள் மலிந்திருந்த அம்மாநிலத்தில், சுரங்க மேற்பார்வையாளர் ஆக விரும்புவோர் பாதுகாப்புப் பற்றிய தேர்வில் தேற வேண்டும் என்று சட்டம் வந்தது. பத்திரிகை ஆசிரியரான தாமஸ் ஃபாஸ்டர், சுரங்கத் தொழிலாளர்கள் அத்தேர்வுக்குத் தயாராக உதவும் வகையில் 1891இல் அஞ்சல்வழிப் பாடம் தொடங்கினார். அதுவே பின்னர் உலகெங்கும் மாணவர்களைப் பெற்ற பெரும் அஞ்சல்வழிப் பள்ளியாக வளர்ந்தது. அங்கே பாடம் கற்பித்தது பள்ளி. தகுதியை முடிவு செய்தது மாநிலத்தின் தேர்வு. இரண்டும் தத்தம் எல்லையில் நின்றன.

எல்லாரும் அப்படி நிற்கவில்லை. பணம் கட்டியதும் பட்டத்தை அனுப்பிவைக்கும் போலி நிலையங்களும் அதே அஞ்சல் வழியைப் பயன்படுத்தின. ஒரு மாநிலத்தில் முகவரி, மற்றொரு மாநிலத்தில் விளம்பரம், இன்னொரு மாநிலத்தில் ஏமாந்த மாணவர் என்ற நிலையில், யார் யாரைக் கேட்பது? நல்ல பள்ளிகள் தம் பெயரைக் காத்துக்கொள்ளத் தாமே முன்வந்து 1926இல் இல்லவழிக் கல்விக்கான தேசிய மன்றம் ஒன்றை அமைத்தன.

மூன்று தூண்கள்

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944இல், போர் வீரர்களின் கல்விச் செலவை அரசே ஏற்கும் சட்டம் வந்தது. இலட்சக்கணக்கானோர் பயனடைந்தனர். அப்பணத்தைக் குறிவைத்துத் திடீர்ப் பள்ளிகளும் முளைத்தன. எனவே 1952இல், கொரியப் போர் வீரர்களுக்கான சட்டத்தில், தரச்சான்று வழங்கத் தகுதியுள்ள அமைப்புகளின் பட்டியலைக் கூட்டாட்சி அரசு வெளியிட வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

1965இல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட உயர்கல்விச் சட்டம் இந்த அமைப்பை முழுமையாக்கியது. மாணவருக்கு அரசின் நிதியுதவி கிடைக்க வேண்டுமானால், அவர் பயிலும் நிறுவனம் மூன்று தூண்களின்மீது நிற்க வேண்டும். மாநிலத்தின் அனுமதி முதலாவது. தரச்சான்று அமைப்பின் சான்று இரண்டாவது. கூட்டாட்சிக் கல்வித் துறையின் ஒப்புதல் மூன்றாவது. மாநிலம் பயனாளரைக் காக்கும். தரச்சான்று அமைப்பு பாடத்தின் தரத்தைப் பார்க்கும். கூட்டாட்சி அரசு தன் பணத்தைக் காக்கும். பணி உரிமம் இம்மூன்றில் எதிலும் இல்லை என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும். அது அந்தந்த மாநிலத்தின் மருத்துவ வாரியம், செவிலியர் வாரியம், ஆசிரியர் உரிமத் துறை ஆகியவற்றின் கையிலேயே தனித்து இருந்தது.

அஞ்சல்வழிப் பள்ளிகளின் முறைகேடுகள் பெருகியதால், பாதிக்கு மேற்பட்ட பாடங்களை அஞ்சல்வழி நடத்தும் நிறுவனங்களுக்கு நிதியுதவி இல்லை என்ற வகையில் 1992இல் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது. பின்னர் இணையம் வந்தது. வகுப்பறை வீட்டுத் திரைக்குள் புகுந்தது. 2006இல் இணையவழிக் கல்விக்கு அந்தத் தடை நீக்கப்பட்டது. இணையவழிப் படிப்புகள் பெருவெள்ளமெனப் பெருகின.

மாணவர் இருக்கும் இடம் எது?

இங்கேதான் பழைய சிக்கல் புதிய உருவில் வந்தது. அரிஸோனாவில் உள்ள பல்கலைக்கழகம் ஓஹையோவில் வீட்டிலிருக்கும் பெண்ணுக்குக் கற்பித்தால், அது எந்த மாநிலத்தில் கற்பிக்கிறது? கல்லூரிக் கட்டடம் இருக்கும் இடமா, மாணவர் அமர்ந்திருக்கும் இடமா?

2010 அக்டோபரில் கல்வித் துறை ஒரு விதி வெளியிட்டது. தன் மாணவர்கள் இருக்கும் ஒவ்வொரு மாநிலத்திலும், அந்த மாநிலம் கோரும் அனுமதியைப் பல்கலைக்கழகம் பெற்றிருக்க வேண்டும் என்றது. கல்லூரிகள் அதிர்ந்தன. ஐம்பது மாநிலங்களில் ஐம்பது வகையான விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு. தனியார் கல்லூரிகளின் சங்கம் வழக்குத் தொடுத்தது. விதியை முன்மொழிந்தபோது இப்பகுதி குறித்துக் கருத்துச் சொல்ல வாய்ப்பளிக்கவில்லை என்ற காரணத்தால், 2011இல் நீதிமன்றம் அதை நீக்கியது. 2012 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

ஆனால் அந்த வழக்கு ஓர் உண்மையை ஊருக்கு அறிவித்துவிட்டது. கூட்டாட்சி விதி போனாலும் மாநிலங்களின் சட்டங்கள் போகவில்லை. அவை முன்பிருந்தே இருந்தன, பல கல்லூரிகள் அவற்றைப் பாராமல் இருந்தன, அவ்வளவே. ஆகவே மாநிலங்களும் கல்லூரிகளும் கூடிப் பேசி, 'சாரா' என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் பரஸ்பர ஏற்பு ஒப்பந்தத்தை உருவாக்கின. 2014இல் மாநிலங்கள் அதில் சேரத் தொடங்கின. தன் சொந்த மாநிலத்தின் ஒப்புதலோடு இவ்வொப்பந்தத்தில் இணையும் கல்லூரி, மற்ற உறுப்பு மாநிலங்களிலும் தனித்தனி அனுமதி இன்றி இணையவழிக் கல்வி வழங்கலாம். சில ஆண்டுகளில் 49 மாநிலங்கள் சேர்ந்தன. தம் மாணவர்களைக் காக்கும் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க மனமின்றி, மிகப் பெரிய மாநிலமான கலிஃபோர்னியா மட்டும் ஒதுங்கி நின்றது.

அதன் விளைவு 2019இல் தெரிந்தது. 2016இல் வெளியிடப்பட்டு, பின்னர் தள்ளிவைக்கப்பட்ட விதி ஒன்று நீதிமன்றத் தீர்ப்பால் உயிர்பெற்றது. வெளிமாநிலக் கல்லூரி பற்றிய மாணவரின் புகாரைக் கேட்க மாநிலத்தில் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது அதன் ஓர் அம்சம். வெளிமாநில அரசுக் கல்லூரிகளிலும் இலாப நோக்கற்ற கல்லூரிகளிலும் இணையவழி பயின்ற கலிஃபோர்னியா மாணவர்களுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. ஆகவே அவர்களுக்கு நிதியுதவி இல்லை என்று 2019 ஜூலையில் கல்வித் துறை அறிவித்தது. மாநில அரசு விரைந்து புகார் முறையை அமைத்து, சில வாரங்களில் சிக்கலைத் தீர்த்தது. தாம் எந்தத் தவறும் செய்யாத மாணவர்கள், தாம் வசிக்கும் மாநிலத்தின் பெயரால் அந்தச் சில வாரங்கள் தவித்தார்கள்.

அறிவிப்பதிலிருந்து பொறுப்பேற்பது வரை

கற்பிக்கும் அனுமதிக்கு ஒருவாறு வழி பிறந்தது. பணி உரிமத்தின் கதை வேறு. 'சாரா' ஒப்பந்தம் பணி உரிமத்தைத் தொடவே இல்லை. ஒரு கல்லூரி 49 மாநிலங்களில் முறைப்படி கற்பிக்கலாம். அதன் பட்டத்தை வைத்து ஒரு மாநிலத்தில் செவிலியராகலாம், பக்கத்து மாநிலத்தில் ஆக முடியாது.

சட்டக் கல்வியில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. 1998இல் முழுமையும் இணையவழியில் நடக்கும் முதல் சட்டக் கல்லூரி அமெரிக்காவில் தொடங்கியது. கலிஃபோர்னியா அதன் பட்டதாரிகளை வழக்கறிஞர் தேர்வு எழுத அனுமதித்தது. பெரும்பாலான பிற மாநிலங்கள் அனுமதிக்கவில்லை. அங்கே பயின்று, கலிஃபோர்னியாவில் தேர்வில் தேறிய ஒருவர், தாம் வாழ்ந்த மாசசூசெட்ஸில் தேர்வு எழுதவும் அனுமதி கிடைக்காமல் அம்மாநில உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. 2008இல் அவருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அது அவர் ஒருவருக்கான விலக்கு. வழக்காடி வெல்லும் வசதி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

செவிலியர் துறையில் 2000ஆம் ஆண்டு முதல் ஓர் ஒப்பந்தம் உண்டு. உறுப்பு மாநிலம் ஒன்றில் நிலையாக வசிப்பவர் பெறும் உரிமம் மற்ற உறுப்பு மாநிலங்களிலும் செல்லும். ஆயினும் நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற பெரிய மாநிலங்கள் அதில் சேராமல் இருந்தன. ஆசிரியர் பணியிலோ ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனப் பாடங்களும் தேர்வும் பள்ளிப் பயிற்சியும் வகுத்துக்கொண்டுள்ளது. வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் மாறும் குடும்பங்களுக்கு இது பெரும் சோதனை. அங்குள்ள நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வாழ்க்கை அப்படித்தான் அமைகிறது.

இந்த நிலையில் 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி, உண்மையைச் சொல்லுமாறு கல்லூரிகளைக் கட்டாயப்படுத்தியது. உரிமம் தேவைப்படும் தொழிலுக்கான படிப்பு எந்தெந்த மாநிலங்களின் கல்வித் தகுதியை நிறைவு செய்கிறது, எவற்றில் செய்யவில்லை, எவை பற்றி இன்னும் ஆராயவில்லை என்று மூன்று பட்டியல்களைக் கல்லூரி வெளியிட வேண்டும். மாணவரின் மாநிலத்தில் செல்லாது என்றாலோ, ஆராயவில்லை என்றாலோ, சேருவதற்கு முன்பே அவரிடம் நேரடியாகத் தெரிவிக்க வேண்டும். பயிலும்போது செல்லாது எனத் தெரியவந்தால் 14 நாட்களுக்குள் சொல்ல வேண்டும். 'அவர் எனக்கு எழுதினார்' என்று வழியை வெளிப்படையாகச் சொல்லச் சொன்ன நம் முஹத்திஸ்களின் நேர்மை இங்கே நினைவுக்கு வருகிறது.

ஆனால் அறிவிப்பு மட்டும் போதவில்லை. 'ஆராயவில்லை' என்ற மூன்றாம் பட்டியலுக்குள் ஒளிந்துகொள்வது எளிதாயிருந்தது. பல பக்க ஆவணங்களின் நடுவே வரும் ஓர் அறிவிப்பை எத்தனை பேர் படிப்பார்கள்? எனவே 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி அடுத்த படிக்குச் சென்றது. நிதியுதவித் திட்டத்தில் உள்ள கல்லூரி, உரிமத்திற்கான படிப்பில் ஒருவரைச் சேர்க்கும் நேரத்தில், அவர் இருக்கும் மாநிலத்தின் கல்வித் தகுதியை அப்படிப்பு நிறைவு செய்வதை உறுதிப்படுத்த வேண்டும். அவர் வேறொரு மாநிலத்தில் பணிபுரிய விரும்புவதாக எழுதிக் கொடுத்தால், அந்த மாநிலத்தின் தகுதியை நிறைவு செய்ய வேண்டும். சொல்லிவிட்டோம் என்று கைகழுவும் நிலை மாறி, பொறுப்பேற்கும் நிலை பிறந்தது.

இங்கும் ஒரு வரம்பு உண்டு. விதி பார்ப்பது சேரும் நேரத்தில் மாணவர் இருக்கும் மாநிலத்தை. சேர்ந்த பின் குடும்பம் இடம் மாறினால், புதிய மாநிலத்தில் அப்பட்டம் செல்லும் என்று எந்த விதியும் உறுதியளிக்கவில்லை. என்னிடம் வந்த பெரியவரின் மகளுக்கு நேர்ந்தது இதுவே.

நம் நாட்டிலும் இதே பாடம்

"இது அமெரிக்காவின் கதை; நமக்கென்ன?" என்று எவரும் எண்ண வேண்டாம். நம் நாட்டிலும் 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. 1982இல் ஆந்திராவில் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பிறந்தன. எல்லை பற்றிய அதே வழக்கு இங்கும் எழுந்தது. சத்தீஸ்கர் மாநிலம் ஒரு சட்டத்தின் கீழ், ஓரிரு ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்களை ஏற்படுத்தியது. 2005இல் பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அவற்றை நீக்கியது. ஒரு மாநிலச் சட்டத்தால் பிறந்த பல்கலைக்கழகம் அம்மாநில எல்லைக்கு வெளியே இயங்க முடியாது என்பதையும் தெளிவுபடுத்தியது.

2009இல், தமிழகத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில், இளநிலைப் பட்டம் இன்றித் திறந்தநிலை முறையில் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் அரசுப் பதவிக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 நவம்பரில் வந்த தீர்ப்பு இன்னும் கடுமையானது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் இன்றி அஞ்சல்வழியில் பொறியியல் பட்டங்கள் வழங்கியிருந்தன. அவற்றுள் ஒன்று தமிழகத்தைச் சேர்ந்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தோரின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, மறுதேர்வில் தேறினால் மட்டுமே செல்லும் என்று ஆயிற்று. அதன்பின் சேர்ந்தோரின் பட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. அப்பட்டத்தைக் கொண்டு பதவி உயர்வு பெற்றவர்கள் அதை இழக்கும் நிலை வந்தது. பல்கலைக்கழகம் மெய்யானது, தேர்வு எழுதியதும் மெய். அனுமதி மட்டும் இல்லை.

இன்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், மருந்தியல், கட்டடக்கலை, இயன்முறை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ பட்டமாக வழங்கக் கூடாது. எந்த நிறுவனம் எந்தக் கல்வியாண்டில் எந்தப் படிப்பை நடத்த ஒப்புதல் பெற்றுள்ளது என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. பெயர்ப்பலகையை நம்பாமல் அப்பட்டியலைப் பார்ப்பது பெற்றோர் கடமை.

சேருமுன் கேட்க வேண்டியவை

இந்த நீண்ட வரலாற்றிலிருந்து ஒரு குடும்பம் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்விகள் சிலவே.

முதலாவது, நான் இருக்கும் இடத்தில் எனக்குக் கற்பிக்க இந்நிறுவனத்திற்கு அனுமதி உண்டா? இரண்டாவது, இந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, நான் சேரும் இந்தக் கல்வியாண்டில், ஒப்புதல் உண்டா? நிறுவனத்திற்கு ஒப்புதல் இருந்து, படிப்புக்கு இல்லாமல் போவதுண்டு. மூன்றாவது, இப்படிப்பின் முடிவில் நான் செய்ய விரும்பும் பணிக்கு உரிமம் தேவையா? தேவையென்றால், நான் பணிபுரிய எண்ணும் மாநிலத்தின் வாரியம் இப்படிப்பை ஏற்கிறதா? நான்காவது, செய்முறைப் பயிற்சி எங்கே, யாருடைய மேற்பார்வையில் நடக்கும்? ஐந்தாவது, குடும்பம் இடம் மாறினால் என்ன ஆகும்?

இவற்றுள் மூன்றாவது கேள்வியைக் கல்லூரியின் சேர்க்கை அலுவலரிடம் மட்டும் கேட்டு அமைதி கொள்ளலாகாது. உரிமம் வழங்கும் வாரியத்திடமே கேட்க வேண்டும். எழுத்தில் கேட்க வேண்டும். பதிலையும் எழுத்தில் பெற்றுப் பத்திரப்படுத்த வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு குர்ஆனில் கட்டளையிடப்பட்ட சமுதாயம் நாம். ஆண்டுகளையும் சேமிப்பையும் ஒப்படைக்கும் ஒரு காரியத்தில் வாய்ச்சொல்லோடு நின்றுவிடுவது நமக்கு அழகன்று.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். தொலைநிலைக் கல்வியை இழிவாகப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வீட்டுப் பொறுப்புகளைச் சுமக்கும் நம் பெண்களுக்கும், வேலைக்குச் சென்றுகொண்டே பயிலும் இளைஞர்களுக்கும் அது அல்லாஹ் திறந்துவிட்ட ஒரு வாசல். பாஸ்டன் நகரப் பெண்களுக்கு அன்று கடிதம் எதைத் தந்ததோ, அதை இன்று நம் பிள்ளைகளுக்கு இணையம் தருகிறது. அந்த வாசலின் வழியே நுழையுமுன், அது எந்த வீதியில் கொண்டுபோய் விடும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அந்தப் பெரியவரின் மகளுக்கு நாங்கள் சொன்ன ஆலோசனை எளியது. வந்த பதிலைக் குறையாகப் படிக்காமல் ஒரு பட்டியலாகப் படிக்கச் சொன்னோம். எந்தப் பாடங்கள் குறைவு, எத்தனை வாரப் பயிற்சி தேவை என்று அம்மாநிலத் துறையிடமே எழுதிக் கேட்டார். அவர்கள் தெளிவாகப் பதில் எழுதினார்கள். அருகிலுள்ள கல்லூரி ஒன்றில் விடுபட்ட பாடங்களை இப்போது பயின்று வருகிறார். ஏறத்தாழ ஓராண்டு கூடுதலாகிறது. செலவும் ஆகிறது. "அன்று ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதுமாயிருந்ததே, ஹஜ்ரத்" என்று அவருடைய தந்தை சென்ற வாரம் சொன்னார். அந்தக் கடிதத்தை உங்கள் பிள்ளைகள் சேருமுன்னரே எழுதட்டும் என்பதற்காகவே இதை எழுதினேன்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியையும், அதை மக்களுக்குப் பயன்படுத்தும் வாய்ப்பையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.